ஏழாம் நம்பர் தீக்குச்சி

மார்ச் 3

அக்காவுக்கு,

கிழித்துப் போடாதே. ஒரு வரி படித்துவிட்டு அப்புறம் கிழி. தீக்குச்சி திரும்ப வருகிறது!

ஆமாம், அதே ஷூதான். உடம்பெல்லாம் வெளிறிய மர நிறம், முன்நுனி மட்டும் சிவப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை விட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்தார்கள், ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி ரிலீஸ். உன் கடைக்கு நாற்பது ஜோடி. மேனேஜர் உனக்கே இன்னும் தகவல் வந்திருக்காது, எனக்கு வந்துவிட்டது பார்த்தாயா!

போனில் சொல்லலாம் என்றால் நீதான் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாயே. அம்மா போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் டொக்கென்று வைத்துவிடுகிறாய். அதனால் கூரியர் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் பார்சலை எடுக்க வருகிறவரும் அவர்தான், உன் கடையில் சரக்கு இறக்குகிறவரும் அவர்தான். "தபால் செலவெல்லாம் வேணாம், ஒரு காப்பி வாங்கிக் குடு போதும்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எட்டே எட்டு ஜோடி தனியாக எடுத்து வை. இனாமாக இல்லை, போட்ட விலைக்கு, பில்லோடு. கம்பெனிக்கு ஒரு காசு நட்டமில்லை. வெளியே அது ஆறு மடங்கு போகும். ஆறு மடங்கு, அக்கா! எட்டுப் பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இது எதற்கு என்று உனக்குத் தெரியும். அந்த வணிக வளாகத்தில் மாடிப்படிக்குப் பக்கத்து அறை காலியாகியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் அது என் கடை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூ விற்கிற பிழைப்பு முடிந்தது. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

போன ரிலீஸில் நீ ஷட்டரைத் தூக்கும்போது தள்ளுமுள்ளு வந்தது, கண்ணாடிக் கதவு விரிசல் விட்டது. அதற்கு எல்லார் முன்னாலும், "இனிமே இந்தக் கடை வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினாய். சரி, நான் மிதிக்கவில்லை. அதனால்தான் பின்வாசலைக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 5

தரகருக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். கூரியர் அண்ணன் எதிரிலேயே நின்று, "என்னம்மா எழுதியிருக்கான்?" என்று எட்டிப் பார்த்ததால் உள்ளே கொண்டுபோய்ப் படிக்க வேண்டியதாயிற்று.

முடியாது. எட்டும் கிடையாது, எட்டில் ஒரு காலும் கிடையாது.

கதவு விரிசல் விட்டது என்கிறாய், அது என்னவோ தானாகவே விட்ட மாதிரி. நீ கூலிக்கு நிறுத்திய ஆட்கள் பதினைந்து பேர் ஒரேயடியாக முட்டியதில் விட்டது. அதற்கு அடுத்த நாள் ஏரியா மேனேஜர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "இன்னொரு தடவை வாசல்ல ஒரு சத்தம் வந்துச்சுன்னா ஸ்பெஷல் சரக்கு இந்தக் கடைக்குக் கிடையாது. நீங்களும் குடோனுக்குப் போய்ப் பெட்டி எண்ண வேண்டியதுதான்" என்றார். எத்தனை வருஷம் முட்டி போட்டு ஊரார் காலுக்கு லேஸ் கட்டி இந்த மேனேஜர் நாற்காலிக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். இந்த இருபத்திரண்டாம் தேதி எனக்குக் கடைசி வாய்ப்பு. இதில் விளையாடாதே.

இன்னொன்று. அன்றைக்கு வரிசையில் ஒரு பஸ் கண்டக்டர் பெண் நின்றாள். டியூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், யூனிபார்மோடு விடியும் முன்னே வந்தவள். அவளுக்கு முன்னால் நின்ற உன் ஆள் கடைசி ஜோடியை வாங்கிப் போனான். அதே ஷூவைச் சாயங்காலம் நீ ஆன்லைனில் விற்கிற பக்கத்தில் ஐந்து மடங்கு விலையில் பார்த்திருக்கிறாள். மறுநாள் கடைக்கு வந்து, கோபம்கூட இல்லாமல், "உங்க தம்பியாமே?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் வேறு யாரிடம் சொல்ல? சாம்பிள் நேற்று வந்தது! பெட்டியைத் திறந்து நானும் கேஷியரும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தோம். அந்தச் சிவப்பு இருக்கிறதே, உரசினால் பற்றிக்கொள்ளும் போல இருக்கிறது. சோல் உள்பக்கத்தில் மரத்தின் ரேகை மாதிரி கோடு போட்டிருக்கிறான், பாவி. பூட்டி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிப் பூட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

காப்பிக் காசு என்னிடமும் வாங்கிவிட்டார். இரண்டு பக்கமும் வசூல் பண்ணுகிறார் உன் கூரியர் அண்ணன்.


மார்ச் 8

அக்கா,

மரத்தின் ரேகையா! உள்பக்கமா! பழைய தீக்குச்சியில் அது கிடையாது, தெரியுமா? நீ எழுதிய அந்த நாலு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏழு மடங்கு தருவார்கள், ஆனால் நீ எனக்கு மட்டும் எழுதியது அது.

கண்டக்டர் விஷயம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இந்தப் பஞ்சத்தை உண்டாக்கியது நானா? கம்பெனி நினைத்தால் நாற்பதாயிரம் ஜோடி செய்யலாம். அதே மெஷின், அதே தோல். வேண்டுமென்றே நாற்பது அனுப்புகிறார்கள். கூட்டம் முட்டி மோத வேண்டும், அதைப் படம் பிடித்துப் போட வேண்டும், அந்தப் படத்தைப் பார்த்து மிச்ச ஊர் அவர்களுடைய சாதா ஷூவை வாங்க வேண்டும். அந்தப் படத்தில் ஓரமாக நிற்கிற நான் மட்டும் திருடன்! வீடு வாங்கி விற்றால் முதலாளி, ஷூ வாங்கி விற்றால் தரகன். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

நீ வரிசை வைத்து விற்றால் முந்தி வந்தவனுக்குப் போகிறது. என்னிடம் வந்தால், அதற்கு யார் ரொம்ப ஆசைப்படுகிறானோ அவனுக்குப் போகிறது. ஆறு மடங்கு கொடுக்கிறவனைவிட ஆசைப்படுகிறவன் யார்? மழையிலும் வெயிலிலும் வரிசையில் நிற்க முடியாதவன் எத்தனை பேர்! அவர்களுக்கும் சேர்த்து நான் நிற்கிறேன். பதில் சொல்லு பார்க்கலாம்.

நீ ஏதோ புது விதி கொண்டுவரப் போகிறாய் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. என்ன அது?

தம்பி


மார்ச் 11

தரகரே,

கம்பெனியைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாயில் தண்ணீர் கொஞ்சமாக வருகிறது என்பதற்காக, நீ உன் குடத்தையே பதினைந்து இடத்தில் வைப்பாயா?

ஆறு மடங்கு கொடுக்கிறவன் எவ்வளவு ஆசைப்படுகிறான் என்றா காட்டுகிறான்? எவ்வளவு வைத்திருக்கிறான் என்று காட்டுகிறான். கண்டக்டருக்கு என்ன ஆசை குறைவா? வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காக நிற்கிறேன் என்கிறாய். நீ எங்கே நின்றாய்? கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் ஆள் அனுப்பினாய்.

சரி, விதியைக் கேட்டுக்கொள். இன்று காலையில்தான் கண்ணாடியில் ஒட்டினேன். விரிசலுக்கு மேலேயே ஒட்டினேன், அதுவும் மறைந்தது. வருகிறவர்கள் எல்லாரும் பெயர் கொடுக்கலாம், குலுக்கல். பெயர் விழுந்தவர் உள்ளே வந்து, பாதம் அளக்கிற இரும்புத் தட்டில் காலை வைக்க வேண்டும். அவருடைய அளவு எதுவோ அந்த அளவு மட்டும்தான் கிடைக்கும். ஷூவைக் கடையிலேயே போட்டு, லேஸை நாங்களே கட்டிவிடுவோம். அட்டைப்பெட்டி எங்களிடமே நிற்கும். போட்ட ஷூவோடு கதவைத் திறந்து, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். அதற்குச் சம்மதித்தால்தான் பில்.

இனி உன் பெட்டி புதிது, சோல் புதிது என்கிற பேச்செல்லாம் எப்படி எடுபடுகிறது பார்க்கலாம்! ஏரியா மேனேஜருக்குச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "பண்ணுங்க. ஆனா உங்க தலையிலதான்" என்றார். அன்றைக்கு அவரே வந்து நிற்கப் போகிறாராம். எனக்குக் கையெல்லாம் பரபரவென்று இருக்கிறது. ஜெயித்தே தீருவேன் போல ஒரு தைரியம்.

அக்கா


மார்ச் 14

மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

முதலில் எழுந்து நின்று ஒரு கும்பிடு. என்ன மூளை! அந்த விதியைக் கேட்டு ஊரிலிருக்கிற ரீசேல்காரர்கள் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தன் சோலுக்கு அடியில் கண்ணாடிக் காகிதம் ஒட்டலாமா என்று கேட்டான். "எங்க அக்கா கண்ணுக்கு அது தெரியாதுன்னு நினைக்கிறியா?" என்று சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆனால் நான் உன் தம்பி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தெருவைத் தாண்டிய ஷூவுக்கு ஆறு மடங்கு வராது, சரி. பல் தேய்க்கிற பிரஷ் வைத்து நான் சோலைச் சுத்தம் பண்ணினால் மூன்று மடங்கு வரும். வாடிக்கைக்காரர்களிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். மூன்று மடங்கிலும் அந்த அறைக்கு முன்பணம் தேறும். பாக்கி, கால்தான். என் வாடிக்கைக்காரர்களில் பலருக்குப் பத்து, பதினொன்று. அந்த அளவுக் கால் யாரிடம் இருக்கும்?

வாலிபால் டீம்!

மைதானத்துக்குப் போய் வரிசையாக உட்காரவைத்துக் கால் அளந்தேன். யாரோ பார்த்துவிட்டு மருத்துவ முகாம் என்று நினைத்துத் தன் காலையும் நீட்டினார். டீம் கேப்டனை எல்லாரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பார்த்தால் ஏன் என்று உனக்கே புரியும். அவனுக்குப் பதினொன்று. ஷூ வாங்கக் காசு நான் கொடுப்பேன், வந்து நிற்பதற்குக் கூலியும் உண்டு. போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டுவார்கள், எதிர்ப்பக்கம் நான் நிற்பேன், கழற்றிக் கொடுப்பார்கள். உன் விதியில் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

நானும் பெயர் கொடுக்கிறேன். எனக்கு ஏழு. ஏழாம் நம்பருக்குப் பல் டாக்டர் ஒருத்தர் காத்திருக்கிறார், சிறிய கால், பெரிய பர்ஸ்.

இதையெல்லாம் ஏன் உன்னிடமே சொல்கிறேன் என்று கேட்பாய். உனக்குத் தெரியாமல் ஜெயித்தால் அதில் என்ன ருசி இருக்கிறது?

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

படித்துவிட்டு முதலில் பல்லைக் கடித்தேன். அப்புறம் மருத்துவ முகாமுக்குக் கால் நீட்டியவரை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். கேஷியர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வா. கூட்டிக்கொண்டு வா. கால் தட்டில் பொருந்தினால் யாருக்கும் விற்பேன், உனக்கும் விற்பேன். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதில் விளையாட்டில்லை. வாசலில் ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்தால் என் நாற்காலி போகும். உன் அறை முக்கியமா இது முக்கியமா என்று நான் கேட்கவில்லை. நீயே கேட்டுக்கொள்.

வெறும் வயிற்றோடு வந்து நிற்காதே என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, அம்மா.

அக்கா


மார்ச் 22, சாயங்காலம்

தம்பிக்கு,

முடிந்தது! நாற்பதும் போயிற்று! கடையை மூடிவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலிப் பெட்டி ஒன்றின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ வெளியே இருந்தாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. ஒவ்வொருவராக வந்து அந்தத் தட்டில் காலை வைக்கும்போது எனக்கு என்னவோ செய்தது. எத்தனை ரிலீஸ் பார்த்திருக்கிறேன், இதுவரை பெட்டிகளைத்தான் விற்றிருக்கிறேன். இன்றைக்குத்தான் கால்களைப் பார்த்தேன். கண்டக்டருக்கு விழுந்தது! பெயரை வாசித்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "நானா? நல்லாப் பாருங்க, நானா?" லேஸ் கட்டும்போது அழுதுவிட்டாள். நானும்தான்.

உன் ஒட்டகத்துக்கும் விழுந்தது. அவன் டீமில் இன்னும் நாலு பேருக்கும். ஒட்டகம் கதவில் தலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். போட்டு எழுந்து நின்றதும் கண்ணாடியில் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, வெளிய நடக்கணும்" என்று நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அப்புறம்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், எதிர்ப்பக்கம் அவர்கள் ஐந்து பேரும் உன்னைச் சுற்றி நிற்கிறார்கள். நீ கையை ஓங்குகிறாய். வாயைத் திறக்கிறாய். ஏரியா மேனேஜர் என் பக்கத்தில் நிற்கிறார், அவரும் பார்க்கிறார். "அது உங்க தம்பிதானே?" என்றார். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். போச்சு, குடோன்தான் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய்தானே? கையை இறக்கிவிட்டாய். ஒரு சத்தம் வரவில்லை. அங்கே என்னடா நடந்தது? ஒட்டகம் எதற்கு உன்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்?

கடைசிப் பெயராக உன் பெயர் விழுந்ததும் கேஷியர் என்னைப் பார்த்தாள். நான் வாசித்தேன், விதி விதிதான். நீ வாசற்படியில் ஒரு நிமிஷம் தயங்கினாய், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். உன் காலை நான்தான் அளந்தேன். சாக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் ஷூ விற்கிறாய், நீ கழற்றி வைத்தது வார் அறுந்து தைத்த செருப்பு! அதனால்தான் முடிச்சை இறுக்கிப் போட்டேன், வேறு காரணமில்லை.

நீ தெருவைத் தாண்டியதை மட்டும் பார்த்தேன். அங்கே பல் டாக்டரின் கார் நின்றதையும் பார்த்தேன். அதற்குள் கணக்கு முடிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ என்ன செய்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கினாய், விதிப்படி நடந்தாய், அது உன் பொருள். அறைக்கு முன்பணம் கட்டியாயிற்றா?

ஏரியா மேனேஜர் போகும்போது, "அடுத்த ரிலீஸும் இங்கேதான். இதே மாதிரியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலி பிழைத்தது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

ஒட்டகம் கழற்றவில்லை.

அவன் மட்டுமில்லை, ஐந்து பேரும்! தெருவைத் தாண்டி வந்தான், நான் பையை விரித்துப் பிடித்தேன், அவன் குனிந்தான், லேஸைத் தொட்டான், நிமிர்ந்துவிட்டான். "அண்ணே, கழட்ட மனசு வரலண்ணே" என்றான். இன்னொருத்தன் அங்கேயே குதித்துக் காட்டுகிறான். "என் காலுக்கு ஒழுங்கா ஒரு ஷூவும் கெடச்சதே இல்லண்ணே. கடை விலைய மாசாமாசம் குடுத்துடறோம், சத்தியமா" என்றான் ஒட்டகம். எனக்கு வந்ததே கோபம்! என் காசு, என் திட்டம், என் அறை எல்லாம் அவன் காலில் நிற்கிறது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். வந்த கத்தலை அப்படியே முழுங்கினேன். "சரி போங்கடா, மாசாமாசம் குடுங்க" என்றேன். அதற்குத்தான் அவன் தூக்கினான். இறக்கிவிட மறந்துவிட்டான்.

அப்புறம் என் பெயர் விழுந்தது.

நீ முடிச்சுப் போட்டதும் எழுந்து நின்றேனா, அக்கா, நான் ஷூவைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். எந்த வருஷம், எந்தத் தோல், எந்தத் தையல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது! பெட்டிக்குள் வைத்து விற்றவனுக்கு எப்படித் தெரியும்? தெருவைத் தாண்டும்போது ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், என் காலைப் பார்த்துவிட்டு ஹாரனை நிறுத்தினான். சத்தியமாக.

பல் டாக்டர் கார் கண்ணாடியை இறக்கி, "சீக்கிரம் கழட்டுங்க, அழுக்காகப் போகுது" என்றார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். உன் முடிச்சு அவிழவில்லை. நிஜமாகவே அவிழவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கும்போது ஒரு ஜோடி சிவப்பு நுனி என் எதிரில் வந்து நின்றது. கண்டக்டர். என்னை யாரென்று தெரியும் அவருக்கு, பார்வையிலேயே தெரிந்தது. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். தன் காலை என் கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்களுக்கும் விழுந்துச்சா? நல்லா எடுப்பா இருக்கு" என்று சிரித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். யூனிபார்மும் தீக்குச்சியுமாக என்ன ஓட்டம்!

நான் எழுந்துவிட்டேன். "டாக்டர், இது விற்கிறதுக்கு இல்ல" என்றேன். அவர் நாலு மடங்கு என்றார். ஐந்து என்றார். நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன், அவர் கார் கூடவே ஊர்ந்து வந்தது. ஆறு என்றபோது ஒரு நிமிஷம் கால் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மழை பிடித்தது. நானாகத் தேடிப் போய் ஒரு சேற்றுக் குட்டையில் இரண்டு காலையும் வைத்துக் குதித்தேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அறை போயிற்று. மாதக் கடைசிக்குள் என்னால் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன், மொபைல் கவர் விற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நேற்று முழுக்க அதை நினைத்துப் படுத்துக் கிடந்தேன், வலிக்காமல் இல்லை. நான் திருந்திவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. கம்பெனி நாற்பதுதான் செய்யும் என்றால், வாங்கி விற்கிறவன் இருந்துகொண்டுதான் இருப்பான், நானும் இருப்பேன். ஆனால் இனி ஆள் வைத்து நிறுத்த மாட்டேன். நானே வந்து நிற்கிறேன். ஒரு ஆள், ஒரு குடம்.

கீழே இருப்பது என் கையெழுத்து இல்லை. பார்சல் முத்திரைக்கு வைத்திருக்கிற ஊதா மையை வலது கால் சோலில் தடவி, காகிதத்தின் மேல் ஏறி நின்றேன். மரத்தின் ரேகை உள்பக்கத்தில் என்பதால் விழவில்லை. கொஞ்சம் சேறு விழுந்திருக்கிறது. இந்த ஷூவை இனி ஊரில் ஒருத்தனும் வாங்க மாட்டான்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

இனிமேல் காப்பிக் காசு தண்டம் அழ முடியாது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "காகிதத்த மிதிச்சு அனுப்பியிருக்கான், இது ஒரு பழக்கமா?" என்று கேட்டுவிட்டு, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

வலது கால் வந்து சேர்ந்தது. இடது காலையும் எடுத்துக்கொண்டு நாளைக்குக் கடைக்கு வா. பின்வாசல் வேண்டாம். முன்னால் வா, வாசற்படியை நன்றாக மிதித்து வா.

அக்கா